புகை விடாத எஞ்சினில் புகைக்கரி

குன்னூரில் வளர்ந்தவர்களுக்கு ரயிலின் முகத்தைவிட முதுகுதான் நன்றாகத் தெரியும். எங்கள் வீடு ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் சரிவில். சன்னலைத் திறந்தால் கீழே தகரக் கூரைகள், அதற்குக் கீழே இன்னொரு வரிசைக் கூரைகள், அதற்கும் கீழே தண்டவாளம். மேட்டுப்பாளையத்திலிருந்து பெட்டிகளைப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு மேலேறி வரும் எக்ஸ் கிளாஸ் எஞ்சினைச் சின்ன வயதில் நான் பார்த்ததெல்லாம் மேலிருந்துதான். கொதிகலனின் முதுகு, புகைபோக்கியின் வாய், கேபின் கூரை, எல்லாம் கருப்பு. நிலக்கரி போய் ஃபர்னஸ் ஆயில் வந்த பிறகும் அந்தக் கருப்பு போகவில்லை, கொஞ்சம் பிசுபிசுப்புக் கூடியது, அவ்வளவுதான். அம்மா துணி காயப்போடுவதற்கு முன் வண்டி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார். ஆக, எஞ்சின் கூரை என்றால் கரி என்பது எனக்கு யாரும் சொல்லித் தராமலே மனதில் படிந்துவிட்ட விஷயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆறு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு தவறு இங்கிருந்துதான் கிளம்பியது.

நான் செய்வது மின்சார எஞ்சின்களின் மாடல்கள். வாசலிலேயே யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் பல்சக்கர ரயிலை வைத்துக்கொண்டு எதற்கு மின்சார எஞ்சின் என்று எல்லோரும் கேட்பார்கள். கல்லூரிக்குக் கோவைக்குப் போன பிறகுதான் முதல் மின்சார எஞ்சினைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தூரத்தில் சத்தமே இல்லாதது போலத் தெரிந்தது. கிட்டே போனதும் உள்ளே ப்ளோயர்கள் இரைகிற இரைச்சல் நெஞ்சில் இறங்கியது. அடுப்பு இல்லை, தண்ணீர் இல்லை, மேலே ஒரு கம்பி, அதைத் தொட்டுக்கொண்டு மடங்கிய முழங்கை மாதிரி ஒரு பாண்டோகிராஃப். இவ்வளவு சின்ன தொடுதலில் இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை இழுக்கும் சக்தி வருகிறது என்பதை அன்றைக்கு என்னால் நம்ப முடியவில்லை, இன்றைக்கும் முழுதாக நம்ப முடிந்ததாகச் சொல்ல மாட்டேன். இப்போது மேட்டுப்பாளையம் வரைக்கும் அந்தக் கம்பி வந்துவிட்டது. காலையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும், ஆட்கள் பெட்டி படுக்கையோடு இறங்கி மலை ரயிலுக்கு ஓடுவார்கள். அதே ஸ்டேஷனில் அகலப்பாதையும் முடிகிறது, கம்பியும் முடிகிறது. அதற்கு மேல் மின்சார எஞ்சினுக்கு வழி கிடையாது. மலைக்கு மேல் வந்திருக்கும் மின்சார எஞ்சின்கள் என் அலமாரியில் இருப்பவை மட்டும்தான் என்று நினைக்கும்போது ஒரு சந்தோஷம் வரும்.

இந்தக் கதையில் வரும் மாடல் டபிள்யூஏபி-4 என்கிற பயணிகள் ரயில் எஞ்சின். 1990களில் தொடங்கி 2015 வரை மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சனில் கட்டினார்கள். 5,000 குதிரைத்திறன், ஆறு மோட்டார், சிவப்பு உடம்பு, குறுக்கே ஒரு வெளிர் பட்டை. தென்னகத்தில் ரயில் ஏறிய யாருக்கும் தெரிந்த முகம். பஃபரோடு சேர்த்து நீளம் 18,794 மில்லிமீட்டர். நான் செய்வது 87-இல் ஒரு பங்கு அளவு, ஆகவே மேசையில் அது 216 மில்லிமீட்டர். 1,092 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் பன்னிரண்டரையாகச் சுருங்கும். இந்த அளவில் நம் ஊர் எஞ்சின் செய்பவர்களுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம், அது ஐரோப்பிய 1,435 மில்லிமீட்டர் பாதைக்குக் கணக்குப் போட்டது. நம் அகலப்பாதையின் 1,676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.26 வருகிறது. அந்த இரண்டே முக்கால் மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்தால் எஞ்சின் முன்னாலிருந்து பார்க்கும்போது குச்சிக்கால் வைத்த யானை மாதிரி நிற்கும். பக்கவாட்டில் படம் எடுத்தால் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியும். என் வண்டி ஓடப்போவதில்லை, அலமாரியில் நிற்கத்தான் போகிறது, அதனால் சரியான அகலத்துக்கு அச்சைப் புதிதாக வெட்டி, தண்டவாளத்தையும் கையால் பதித்தேன்.

அதற்கு மட்டும் நாலு மாதம் போனது. குன்னூரில் இந்த வேலை செய்வது சமவெளியில் செய்வது மாதிரி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அடித்து ஊற்றும். அந்த ஈரத்தில் லாக்கர் பெயிண்ட் அடித்தால், காய்வதற்குள் காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் குளிர்ந்து படிந்து, சிவப்பெல்லாம் பால் ஊற்றியது போல வெளுத்துப்போகும். மார்கழியில் வேறு பிரச்சினை. முப்பரிமாண அச்சுக்கு ஊற்றும் ரெசின் குளிரில் தேன் மாதிரி கெட்டியாகிவிடும், பாதி அச்சிலேயே பிய்ந்துகொள்ளும். பாட்டிலை வெந்நீர்ச் சட்டியில் அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் 0.4 மில்லிமீட்டர் பித்தளை. பாண்டோவை மட்டும் மூன்று முறை செய்தேன், முதல் இரண்டும் பற்றவைக்கும்போது கோணிக்கொண்டன.

கடைசியில் அழுக்கு. மாடல் செய்பவர்களுக்கு இது புரியும். புத்தம் புதிதாக மின்னும் வண்டி பொம்மை மாதிரி இருக்கும், கொஞ்சம் வெயிலும் மழையும் தூசியும் பட்டது போல ஆக்கினால்தான் அதற்கு எடை வரும். நான் எல்லோரும் செய்வதைச் செய்தேன். கருப்பு பெயிண்டை நீர்க்கக் கரைத்து உடம்பு முழுக்கப் பூசி, துடைத்து, இடுக்குகளில் மட்டும் தங்க விட்டேன். கூரைக்கு வந்ததும் கை தானாகவே தாராளமாகிவிட்டது. கருப்புப் பொடியைத் தூரிகையால் தட்டித் தட்டி, நடுக்கூரையில் அடர்த்தியாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும், இன்சுலேட்டர்கள் மேலெல்லாம் கூட. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. அன்றைக்கு இரவு அதை மேசை விளக்கடியில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூரையைப் பார்த்த மனிதர்

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு வேலை பார்க்கிறேன். அங்கே டிரையர் பகுதியில் இருக்கும் பையனின் மாமனார், ஈரோடு எலக்ட்ரிக் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது அருவங்காட்டில் மகள் வீட்டோடு இருக்கிறார். நான் எஞ்சின் செய்கிறேன் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஸ்வெட்டர், மஃப்ளர், கையில் குடை. நாற்காலியில் உட்கார்ந்து, டீ வேண்டாம் அப்புறம் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, எங்கே காட்டுங்க என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் வண்டியை வாங்கியதும் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள், கண்ணாடிக்குள் டிரைவர் இருக்கிறாரா என்று தேடுவார்கள், பிறகு சக்கரம் சுற்றுமா என்று விரலால் தள்ளிப் பார்ப்பார்கள். இவர் அப்படி எதுவும் செய்யவில்லை. சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களான போகி இரண்டையும் இரண்டு கையாலும் தாங்கி, வண்டியைக் கொஞ்சம் கீழே இறக்கி, நேராகக் கூரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கண்ணால் நடந்தார். அவருடைய முப்பது வருட வேலை முழுக்க அந்தக் கூரை மேலேதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. கூரையில் இருக்கும் மின்சாரக் கருவிகளை ஒவ்வொன்றாக விரல் வைக்காமல் பெயர் சொன்னார், பாண்டோ, விசிபி, அரெஸ்டர், இந்தப் பஸ்பார் நல்லா வளைச்சிருக்கீங்க என்றார். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. அப்புறம் நிறுத்தினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஏனுங் தம்பி, இந்த வண்டி எங்க போய்ப் புகைஞ்சுது?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவர் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே கேட்டார். ஏதாவது தீப்பிடித்த வண்டியைப் பார்த்துச் செய்தேனா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் இல்லைங்க ஐயா, ஓடி ஓடி அழுக்கான மாதிரி செய்திருக்கிறேன் என்றேன். அவர் வண்டியை மெதுவாகத் துணி மேல் வைத்தார். "ஓடுனா கரி எங்கிருந்துங்க வரும்? அடுப்பா இருக்குது அதுக்குள்ள?" என்றார். பிறகு, என் முகம் மாறியதைப் பார்த்திருப்பார் போல, குரலைத் தணித்துக்கொண்டு, "இன்சுலேட்டர் இந்தக் கருப்புல இருந்தா, வண்டிய நான் ஷெட்ட உட்டே அனுப்ப மாட்டேனுங்க" என்றார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினார். கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். அதைக் கூரையிலிருந்து பிரித்து வைத்திருப்பது இந்த இன்சுலேட்டர்கள்தான். மேலே தூசி படிந்தால் அந்தத் தூசி வழியாகவே மின்சாரம் கூரைக்கு இறங்கப் பார்க்கும். "மழை சோன்னு கொட்டுனா பயமில்லீங்க, அதுவே கழுவி உட்டுரும். இந்தா பாருங்க, உங்க ஊர்ல இருக்குதே, இந்த மாதிரி மெல்லிசா மூடுபனி எறங்கி, தூசி நனைஞ்சு நிக்கும். அப்பத்தான் கரண்டு மேலோடயே ஊர்ந்து வந்து டமார்னு பத்திக்கும்." அதற்காகத்தான் ஷெட்டுக்கு வரும்போதெல்லாம், மேலே கம்பியில் மின்சாரத்தைத் துண்டித்து, எர்த் கொடுத்து, பிறகு ஏறி, ஒவ்வொரு இன்சுலேட்டரையும் மடிப்பு மடிப்பாகத் துணியால் துடைப்பார்களாம். கூரை அழுக்காக இருக்கலாம், யாரும் கழுவ மாட்டார்கள். இன்சுலேட்டர் மட்டும் சோறு போடும் தட்டு மாதிரி இருக்க வேண்டும். நான் அப்படியே தலைகீழாகச் செய்து வைத்திருந்தேன். கூரையில் எந்த இடம் சுத்தமாக இருந்தே ஆக வேண்டுமோ, அந்த இடத்தில்தான் மிக அடர்த்தியாகக் கருப்பைத் தட்டியிருந்தேன்.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். முன்பக்கப் பாண்டோவை உயர்த்தி வைத்திருந்தேன், படத்துக்கு அதுதான் எடுப்பாக இருந்தது. ஓடும்போது வழக்கமாக உயர்த்துவது பின்னால் இருப்பதைத்தானாம். கம்பியில் சிக்கிப் பாண்டோ உடைந்தால், முன்னது உடைந்து பின்னதன் மேல் விழுந்து இரண்டும் போய்விடக்கூடாது. பின்னது போனால் முன்னது மிஞ்சும், வண்டி வீடு வந்து சேரும்.

யார் பார்க்கப்போகிறார்கள்?

இதைக் கோத்தகிரியில் இருக்கும் நண்பரிடம் சொன்னேன். என்னைவிட அதிக வருடம் மாடல் செய்பவர், கை சுத்தம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் இழுத்தது இந்தப் பேச்சுத்தான். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பொருளைச் சுருக்கலாம், வெளிச்சத்தைச் சுருக்க முடியாது என்பார். நிஜ எஞ்சினில் ஒரு கிரில்லுக்குள் விழும் நிழல் தானாக ஆழமாக இருக்கும், 87-இல் ஒரு பங்கில் அந்தப் பள்ளம் நகக்கீறல் அளவுதான், நிழல் விழாது, ஆகவே நாம்தான் நிழலை வரைய வேண்டும். கருப்புக் கரைசல் என்பது அழுக்கே இல்லை, நிழல். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது, ஓவியத்தில் மை எங்கிருந்து வந்தது என்று கேட்பது மாதிரி. இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது வண்டி உயிரோடு தெரிகிறதா, அது போதும், அந்த இன்சுலேட்டரை யார் பார்க்கப்போகிறார்கள் என்பார்.

கிரில் விஷயத்தில் அவர் சொல்வது சரிதான், இன்றும் கிரில்லுக்குள் கரும்பழுப்பு விடுகிறேன். ஆனால் மற்றது எனக்கு இறங்கவில்லை. யாருமே பார்க்கவில்லையே என்றால், ஒருவர் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அந்த வண்டி அவருக்கு ஓடாத வண்டியாகிவிட்டது. நான் 19.26-க்காக நாலு மாதம் செலவழித்தவன். அளவில் இரண்டே முக்கால் மில்லிமீட்டரை விட்டுக்கொடுக்காமல், அழுக்கில் மட்டும் ஒரு அடுப்பையே உள்ளே வைத்தால் அது என்ன கணக்கு? அழுக்கு என்பது மேலே பூசும் நிறம் என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கள் ஃபேக்டரியில் ஒருநாள் சும்மா நின்று பார்த்தேன். தேயிலையை நசுக்கும் சிடிசி இயந்திரத்துக்குக் கீழே இருக்கும் பச்சைப் பிசின் வேறு, டிரையர் வாய்க்கு மேலே படியும் பஞ்சு மாதிரியான தூசி வேறு, சலிக்கும் அறையில் சன்னல் விளிம்பில் இருக்கும் மெல்லிய செம்பழுப்பு வேறு. கண்ணைக் கட்டிவிட்டுத் தூசியை மட்டும் தொட்டுக் காட்டினாலும் எங்கள் ஆட்கள் எந்த இயந்திரம் என்று சொல்லிவிடுவார்கள். இருபது வருடமாக அதற்கு நடுவில்தான் நடக்கிறேன், எஞ்சின் விஷயத்தில் தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கோவை இறங்கினேன். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றேன். கையில் நோட்டுப்புத்தகமும் நாலு கலர் பென்சிலும். ஆயுசு முழுக்க ரயில் கூரைகளை மேலிருந்து பார்த்து வளர்ந்தவன், மின்சார எஞ்சினின் கூரையை நிதானமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கருப்பு இல்லை. சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு மங்கல், பாண்டோ இருக்கும் இரண்டு முனையிலும் கொஞ்சம் கூடுதல். கம்பி செம்பு, அதில் உரசும் பட்டை கார்பன், இரண்டும் தேய்ந்து விழும் பொடி அங்கேதான் விழும். இரண்டு முனையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏன் என்று யோசித்தேன். எஞ்சினைத் திருப்புவதில்லை, போகும்போது ஒரு முனை பின்பக்கம், வரும்போது மற்றது. ஐயா சொன்ன வழக்கம் அழுக்கிலேயே எழுதியிருந்தது. கார்பன் பட்டையில் ஓரிடம் மட்டும் குழியாமல் இருக்க, கம்பியை நேராகக் கட்டாமல், நேர்ப்பாதையில் ஒவ்வொரு கம்பத்துக்கும் இடமும் வலமுமாக 20 சென்டிமீட்டர் வரை தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள், அதனால் பட்டை நடுவில் அகலமாக, சீராகத் தேய்ந்து மினுங்குகிறது. கீழே போகியைச் சுற்றித்தான் உண்மையான அழுக்கு. பிரேக் பிளாக் சக்கரத்தில் உரசி உதிரும் இரும்புப் பொடி துருவேறி, காய்ந்த செம்மண் மாதிரி. சக்கரம் வழுக்காமல் இருக்க மணல் விழும் குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் அது வெளுத்திருந்தது. பக்கத்து லைனில் டபிள்யூஏபி-7 ஒன்று வந்து நின்றது. அது பிரேக் போடும்போது மோட்டாரையே டைனமோவாக்கி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும் வண்டி, பிரேக் பிளாக்குக்கு வேலை குறைவு. அதன் போகியில் செம்மண் மெல்லிசாகத்தான் இருந்தது. அது கழுவி வந்த வண்டியாகவும் இருக்கலாம், ஒரே ஒரு வண்டியை வைத்துச் சொல்லக் கூடாது, ஆனாலும் நோட்டில் குறித்துக்கொண்டேன். முகத்தில் முன்கண்ணாடிக்குக் கீழே இரவெல்லாம் ஓடியதில் அடிபட்ட பூச்சிகள். ஏறும் கதவுக்குப் பக்கத்தில் கைப்பிடி மட்டும் பெயிண்ட் போய் இரும்பு பளபளத்தது.

ஊருக்கு வந்து கருப்பை எடுத்தேன். ஆல்கஹாலில் தூரிகையை நனைத்து, சிவப்பு கரையாமல், இடுக்கு இடுக்காக. மூன்று ராத்திரி. மறுபடி ஆரம்பித்தபோது கருப்பு டப்பாவைத் திறக்கவே இல்லை. போகிக்குச் செம்பழுப்பு பேஸ்டல் கட்டியை உப்புத்தாளில் உரசிய பொடி, மணல் குழாய்ப் பக்கம் வெளிர் மஞ்சள். கூரைக்குச் சாம்பலில் ஒரு சிட்டிகை பழுப்பு. பாண்டோவின் பட்டைக்கு 4பி பென்சில் முனையைப் பொடித்து விரலால் தேய்த்தேன். கார்பனுக்குக் கிராஃபைட், இதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது. இன்சுலேட்டர்களை நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துடைக்கும்போது என்னையறியாமல் மடிப்பு மடிப்பாகத்தான் துடைத்தேன். பின்பக்கப் பாண்டோவை உயர்த்தி, முன்னதை மடக்கினேன்.

போன மாதம் ஐயா மறுபடி வந்தார். இந்த முறையும் முகத்தைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்து, இன்சுலேட்டரைப் பார்த்து, தலையை ஆட்டினார். "இப்ப இது போற வண்டிங்க" என்றார். அப்புறம், ஒன்று விட்டுப்போச்சு என்றார். இன்சுலேட்டர் துடைத்திருக்கிறது, ஆனால் துடைத்தவன் எங்கே நின்றான்? கூரையில் தூசி ஒரே சீராகப் படிந்திருக்கிறதே, ஆள் ஏறியிருந்தால் தடம் இருக்குமே என்றார். முட்டி போட்ட இடம், கால் ஊன்றிய இடம், துணியைக் கீழே வைத்த இடம் எல்லாம் தூசியில் தெரியும், அடுத்த மழை வரைக்கும் இருக்கும் என்றார்.

எவ்வளவு பெரிசு போடுவது என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, என் மேசையில் கிடந்த ஸ்கேலைத் தரையில் வைத்து, அதன் மேல் காலை வைத்துக் காட்டினார். 26 சென்டிமீட்டர். வேலைக்குப் போடும் ஷூவோடு 28 வைத்துக்கொள்ளச் சொன்னார். 87-ஆல் வகுத்தால் 3.2 மில்லிமீட்டர். ரப்பரில் அந்த அளவுக்கு ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன், குண்டூசி முனையில் குத்திப் பிடித்தால் தூசியை ஒற்றி எடுக்கிறது. பழைய பிளாஸ்டிக் தகட்டில் ஒற்றிப் பார்த்ததில் இடது காலும் வலது காலும் மாறிப்போனது, இன்னொன்று வெட்ட வேண்டும். இந்த வாரம் முழுக்க மூடுபனி. பொடி எல்லாம் ஈரம் கோத்துக் கட்டியாகிவிட்டது, காற்று கொஞ்சம் காய்ந்ததும்தான் கூரை மேல் ஏற முடியும்.